ஐந்து மெஷின், நான்கு நேரம்

ரத்தம் எடுத்தது காலை 9.41. ரிசல்ட் வந்தது 9.39. தக்கலைப் பக்கம் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அச்சாகி, நோயாளியின் கைக்கே போய்விட்ட ரிப்போர்ட் இது. அதைப் பார்த்த டாக்டர், இது யாருடைய ரத்தம் என்று போன் போட்டுக் கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம். எடுப்பதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது என்றால், சாம்பிள் மாறிவிட்டதோ என்றுதான் யாருக்கும் தோன்றும். சாம்பிள் மாறவில்லை. இரண்டு கம்ப்யூட்டர்கள் ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டிருந்தன.

நேரம் தப்பு என்று தெரிந்ததும் கை நேராகத் திரையின் மூலையில் இருக்கும் கடிகாரத்துக்குப் போய்விடும். திருத்தினால் அந்த நிமிடத்துக்குச் சரியாகிவிடும்தான். ஆனால் ஏன் தப்பியது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் அதோடு போய்விடும். எவ்வளவு வித்தியாசம், முந்தியா பிந்தியா, மணி மட்டும் மாறியிருக்கிறதா, வினாடியும் சேர்ந்து மாறியிருக்கிறதா என்பதுதான் அந்தச் சாட்சி. குமரி மாவட்டத்தில் சின்னச் சின்ன அலுவலகங்கள், பள்ளிக்கூடங்கள், கடைகள் என்று பல இடங்களின் சிஸ்டம்களைப் பார்த்துக்கொள்கிறேன். நேரப் பிரச்சினை என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: நான் வரும்வரை எதையும் மாற்ற வேண்டாம், ஒரு போட்டோ மட்டும் எடுத்து வையுங்கள்.

அளந்தது

அளக்க நம்பகமான ஒரு கடிகாரம் வேண்டும். என் லேப்டாப்பில் லினக்ஸும், இணையத்திலிருந்து நேரம் வாங்கிப் பொருத்தும் குரோனி மென்பொருளும் இருக்கின்றன. அங்கே போனதும் அவர்கள் இணைப்பில் சேராமல், என் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, 'குரோனிசி டிராக்கிங்' கொடுத்துப் பார்த்தேன். சில மில்லிவினாடி வித்தியாசத்தில் நின்றது. இந்த வேலைக்கு அது தாராளம். லேப்டாப் திரையில் வினாடியோடு பெரிய எழுத்தில் கடிகாரத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு மெஷினின் திரைக்குப் பக்கத்திலும் பிடித்து, இரண்டு நேரமும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுத்தேன். கண்ணால் பார்த்து எழுதினால் இரண்டு மூன்று வினாடி நழுவும். போட்டோவில் நழுவாது. பின்னால் யாராவது கேட்டால் காட்டவும் ஆகும்.

கிடைத்தது இது:

ரிசப்ஷன் கம்ப்யூட்டர், விண்டோஸ் 10: 6 நிமிடம் 40 வினாடி முந்தி.
ஆய்வகக் கம்ப்யூட்டர், ரத்த அணு எண்ணும் மெஷினோடு சீரியல் கேபிளில் இணைந்தது, இணையம் கிடையாது: 11 நிமிடம் பிந்தி.
பில்லிங் சர்வர், உபுண்டு: சரி.
கேமரா பதிவு செய்யும் என்விஆர்: 2 மணி 30 நிமிடம் முந்தி.
கைரேகை வருகைப்பதிவு மெஷின்: 6 நிமிடம் 40 வினாடி முந்தி.

இந்த ஐந்து வரியை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

என்விஆரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரம் முந்தியிருந்தாலும் வினாடி முள் கச்சிதமாகச் சரி. கடிகாரம் கெட்டுப்போயிருந்தால் வினாடி எப்படிச் சரியாக இருக்கும்? அது நேரத்தை எங்கிருந்தோ ஒழுங்காக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நேர மண்டலம்தான் தவறு. நம்முடையது கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால், சீனாவினுடையது எட்டு மணி முன்னால். கழித்தால் இரண்டரை. யாரோ ஃபேக்டரி ரீசெட் கொடுத்திருக்கிறார்கள், பெட்டி பிறந்த ஊர் நேரத்துக்குப் போய்விட்டது. இதே மாதிரி சரியாக ஐந்தரை மணி வித்தியாசம் என்றால், ஒரு இடத்தில் உலகப் பொது நேரமும் இன்னொரு இடத்தில் நம் நேரமும் வைத்திருக்கிறார்கள். 13 மணி 30 நிமிடம் அல்லது 12 மணி 30 நிமிடம் பிந்தியிருந்தால், விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டு அமெரிக்க மேற்குக் கரை நேரத்தை மாற்ற மறந்திருக்கிறார்கள். அங்கே கோடையில் ஒரு மணி மாறுவதால்தான் இரண்டு கணக்கு. சரியாக அரை மணி என்றால் பட்டியலில் பக்கத்தில் இருக்கும் வேறொரு மண்டலத்தைத் தொட்டிருக்கிறார்கள். சரியாக ஒரு மணி என்றால் கோடைக்கால நேரம் என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கும். 12 மணி என்றால் ஏஎம், பிஎம்.

நிமிடமும் வினாடியும் சேர்ந்து தப்பியிருந்தால்தான் கடிகாரத்தையே சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்கும் கைரேகை மெஷினுக்கும் வினாடி பிசகாமல் ஒரே தப்பு. இரண்டு கடிகாரம் தனித்தனியாகக் கெட்டு ஒரே இடத்தில் வந்து நிற்காது. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதுகிறது. வருகைப்பதிவு மென்பொருள் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. கைரேகை மெஷினோடு பேசும்போதெல்லாம் தன் நேரத்தை அதில் எழுதிவிடுகிறது. அப்படியானால் கைரேகை மெஷினைத் தொடவே வேண்டாம், ரிசப்ஷன் சரியானால் அதுவும் சரியாகும்.

ரிசப்ஷனில் இருக்கும் அக்கா இதற்காகவே காத்திருந்தவர் போலச் சொன்னார்: "மக்களே, ஒன்பது அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போதே விரலை வைக்கேன். 9.05ன்னு காட்டுது. 9.05 ஆச்சுன்னா லேட் மார்க். இதை யாருகிட்ட போய்ச் சொல்ல?" ரிப்போர்ட் தப்பினால் டாக்டர் போன் செய்வார். சம்பளத்தில் பிடித்தால் இவருக்காக யாரும் போன் செய்வதில்லை. எனக்கு இரண்டும் ஒரே அளவு முக்கியமாகத்தான் பட்டது.

11 நிமிடம்

ஆய்வகக் கம்ப்யூட்டர் ஏன் 11 நிமிடம் பிந்தியது என்று கேட்டபோது, அதை இயக்கும் பையன், தினமும் காலையில் தேதியும் நேரமும் கையால்தான் வைப்பதாகச் சொன்னான். இரவு முழுக்க அணைத்து வைத்தால் காலையில் முந்தின இரவு நேரத்திலேயே நிற்குமாம். சில நாள் 2016க்கே போய்விடுமாம். அன்றைக்கும் காலையில் போனைப் பார்த்துச் சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

"அதுக்கு அப்புறம் கரண்ட் போச்சா?"

"போச்சுண்ணா. எட்டேகால் இருக்கும். கொஞ்ச நேரத்துல வந்துட்டு."

அந்த மேஜைக்குக் கீழே இருந்த யூபிஎஸ் எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் இல்லாத அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் மதர்போர்டு கடிகாரம் நின்றுபோய், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியிருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவப் பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோகும் நிலையில் இப்படித்தான் நடக்கும். முழுதாகச் செத்தால் பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில், எழுதிய பழைய வருடத்துக்குத் திரும்பும். பாதி உயிரோடு இருந்தால் கடிகாரம் நிற்கும், ஆனால் எழுதிய நேரம் அழியாது. பிந்திய அளவும் கரண்ட் போன அளவும் ஒன்றாக இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவமும் உண்டு, ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. இரண்டிலும் கரண்ட் போகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்துப் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனபோது, அதுவரை யாருக்கும் தெரியாமல் செத்துக் கிடந்த பேட்டரிகள் எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தன. குளச்சல், முட்டம் என்று கடலை ஒட்டிய இடங்களில் பேட்டரி நன்றாக இருந்தாலும், அதைப் பிடிக்கும் கிளிப்பில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்துவிடும். அங்கே பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் மறுபடி கூப்பிடுவார்கள்.

மாற்றும் வேலை சின்னதுதான். ஆனால் இந்த மாதிரி மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டரில் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். பேட்டரியை எடுப்பதற்கு முன் பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பேட்டரியை எடுத்ததும் அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐயிலிருந்து வேறொன்றுக்கு மாறினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். சீரியல் போர்ட் அணைந்துபோனால் ரத்த அணு மெஷின் அனுப்பும் ரிசல்ட் வராது. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்கள் முன்னால் அதைக் கண்டுபிடிக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. இங்கே காம்1 என்ற அந்தச் சீரியல் போர்ட்டின் முகவரி 3எஃப்8, குறுக்கீட்டு எண் 4. அதைத் தனியாகத் தாளிலும் எழுதி வைத்தேன்.

மாலை கடைசி நோயாளி போனபிறகு பவர் கேபிளைப் பிடுங்கி, மிச்ச மின்சாரம் வடிய பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு மூடியைத் திறந்தேன். பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 2.3 வோல்ட். புதிதில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டியது. கிளிப்பின் அடியில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, காயவிட்டு, பக்கவாட்டு நாக்கை நகத்தால் லேசாக உள்பக்கம் வளைத்துவிட்டேன். நாக்கு தளர்ந்திருந்தால் புதுப் பேட்டரியும் சரியாகத் தொடாது. கூட்டல் குறி மேலே பார்க்க வைத்து அழுத்தினால் டிக்கென்று உட்காரும். புதுப் பேட்டரியைக் கடையிலேயே மீட்டரில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்தது நிறைய வருகிறது.

பிறகு பயாஸில் போட்டோவைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப வைத்தேன். காம்1 எதிர்பார்த்த மாதிரியே மாறித்தான் இருந்தது. ஒரு கட்டுப்பாட்டுச் சாம்பிளை ஓடவிட்டு ரிசல்ட் கம்ப்யூட்டருக்கு வந்துசேருகிறதா என்று பார்த்த பின்தான் மூடியைப் போட்டேன்.

400 வினாடி

ரிசப்ஷன் கம்ப்யூட்டர்தான் கொஞ்சம் சுற்றவிட்டது. இணையம் இருக்கிறது, தானாக நேரம் அமை என்பது ஆன் ஆகியிருக்கிறது, சேவையும் ஓடுகிறது. கமாண்ட் பிராம்ப்ட்டில் 'டபிள்யூ32டிஎம் /குவெரி /சோர்ஸ்' கொடுத்தால் 'லோக்கல் சிமாஸ் கிளாக்' என்று பதில். அதாவது யாரிடமும் நேரம் வாங்கவில்லை, தன் கடிகாரத்தையே தானே நம்பிக்கொண்டிருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் ஆன் என்று காட்டுவதை நம்பாதீர்கள். இந்த ஒரு வரி சொல்வதை நம்புங்கள்.

அடுத்து 'ஸ்ட்ரிப்சார்ட்'. இது கடிகாரத்தைத் தொடாமல், ஒரு சர்வரோடு எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் கேட்டுச் சொல்லும். பதில் ஒழுங்காக வந்தது: மைனஸ் 400 வினாடியும் கொஞ்சமும், அதே 6 நிமிடம் 40 வினாடிதான். ஆக சர்வர் எட்டுகிறது, பதிலும் வருகிறது, ஆனால் விண்டோஸ் நேரச் சேவைக்கு மட்டும் பதில் வரவில்லை. அதே ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் உபுண்டு சர்வருக்கும் எந்தச் சிக்கலும் இல்லை.

நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தபோது விஷயம் தெளிவானது. நேரம் கேட்டுப் போகும் யுடிபி பாக்கெட் எப்போதும் சர்வரின் 123ஆம் போர்ட்டுக்குத்தான் போகும். எந்தப் போர்ட்டிலிருந்து கிளம்புகிறது என்பதில்தான் வேறுபாடு. விண்டோஸ் நேரச் சேவை தன் பக்கமும் 123இலிருந்தே கிளம்புகிறது. ஸ்ட்ரிப்சார்ட்டும் குரோனியும் வேறேதாவது பெரிய எண்ணிலிருந்து கிளம்புகின்றன. 123இலிருந்து கிளம்பியதற்குப் பதிலே இல்லை. 2013-14இல் திறந்து கிடந்த நேர சர்வர்களைக் கருவியாக்கி, மோன்லிஸ்ட் என்ற கட்டளை வழியாகப் பெரிய பெரிய தாக்குதல்கள் நடந்தன. அதற்குப் பிறகு பல இணைய நிறுவனங்களும் ரவுட்டர்களும் 123ஆம் போர்ட்டைக் கெடுபிடியாக வடிகட்டத் தொடங்கின. அதில் இந்த மாதிரி அப்பாவிக் கோரிக்கையும் மாட்டிக்கொள்கிறது.

முதல் நாள் எடுத்த ஸ்ட்ரிப்சார்ட்டை மறுநாள் அதே நேரத்தில் மறுபடி எடுத்தேன். 2.1 வினாடி கூடியிருந்தது. பத்து லட்சத்தில் 24 பங்கு பிசகு. சாதாரண குவார்ட்ஸ் படிகத்துக்கு இது சகஜம், பழுது இல்லை. 400ஐ 2.1ஆல் வகுத்தால் 190 நாள். வெப்பநிலைக்கு ஏற்பப் பிசகும் மாறும் என்பதால் இது தோராயக் கணக்குதான். இருந்தாலும், ஆறு மாதத்துக்குச் சற்று முன்னால் இங்கே ஏதாவது மாறியதா என்று அக்காவிடம் கேட்டேன். பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு இப்போதைய ஃபைபர் இணைப்பு வாங்கியது அப்போதுதான் என்றார். பழைய பில்லையும் எடுத்துக் காட்டினார். தப்பின் அளவு, தப்பு தொடங்கிய நாளையே காட்டிக்கொடுத்துவிட்டது. யாராவது இடையில் நேரத்தைத் திருத்தியிருந்தால் இந்தக் கணக்கு கிடைத்திருக்காது.

இதே கணக்கு லேட் மார்க்குக்கும் உதவியது. எந்த மாதத்தில் கைரேகை மெஷின் சுமார் எத்தனை நிமிடம் முந்தியிருந்தது என்று மாதவாரியாக எழுதி, போட்டோக்களோடு உரிமையாளரிடம் கொடுத்தேன். ஐந்து நிமிடச் சலுகையை ஒட்டி விழுந்த மார்க்குகளை எல்லாம் அவர் நீக்கிவிட்டார்.

வீட்டுக்குள் ஒரு நேர சர்வர்

123ஐ அடைப்பது ரவுட்டரா, வெளியே கம்பெனிக்காரர்களா என்று தேடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. கம்பெனி வாடிக்கையாளர் சேவையில் இதை விளக்கிப் புரியவைப்பதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்துவிடும். தவிர, ஆய்வகக் கம்ப்யூட்டருக்கு இணையமே கொடுக்கக்கூடாது என்பது உரிமையாளரின் முடிவு, சரியான முடிவும்கூட. அதற்கும் நேரம் வேண்டும். ஆகவே ஏற்கெனவே சரியாக ஓடும் உபுண்டு சர்வரையே மற்றவர்களுக்கு நேரம் கொடுக்க வைத்தேன்.

குரோனியின் அமைப்புக் கோப்பில் செய்தவை கொஞ்சம்தான். மேலே நேரம் வாங்க, தேசியத் தகவல் மையத்தின் 'சமய்1', 'சமய்2' இரண்டும், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரும், பொது நேர சர்வர்களின் தொகுப்பைக் குறிக்கும் 'பூல்' வரி ஒன்றும். இந்திய நேரத்தைப் பராமரிப்பது தில்லியில் இருக்கும் அந்த இயற்பியல் ஆய்வகம்தான். 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த உத்தரவும் நிறுவனங்கள் இந்த இரண்டில் ஒன்றோடோ, இவற்றை அடியொற்றிய சர்வரோடோ நேரத்தைப் பொருத்தச் சொல்கிறது. ஒரே ஒரு சர்வரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது தப்பினால் கண்டுபிடிக்க வழி இல்லை. இரண்டு கொடுத்தால் எது தப்பு என்று தெரியாது. நான்கு இருந்தால் குரோனி தானே ஒதுக்கிக்கொள்ளும்.

அப்புறம் உள்ளே இருக்கும் மெஷின்கள் நேரம் கேட்க அனுமதிக்கும் 'அலவ் 192.168.1.0/24' என்று ஒரு வரி, ஃபயர்வாலில் யுடிபி 123 திறப்பு. இன்னொரு வரி 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10'. இதைப் போட வேண்டுமா கூடாதா என்று ஆளுக்கொரு கருத்து உண்டு. இணையம் போனால், மேலிருந்து நேரம் வராவிட்டாலும், என் நேரத்தையே கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சர்வர் சொல்வதற்கு இது. இந்த இடத்துக்கு நான் போட்டேன். ரிசப்ஷனும் ஆய்வகமும் தங்களுக்குள் ஒத்துப்போவதுதான் இங்கே முதல் தேவை. மாரடைப்புச் சந்தேகத்தில் மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் அளவை ரத்தத்தில் பார்க்கிறார்கள் என்றால், அந்த இடைவெளி உண்மையாக இருக்க வேண்டும். அரை நாள் இணையம் போனால் சர்வர் ஒரு வினாடி நழுவலாம், அது யாரையும் கெடுக்காது. வங்கி மாதிரி இடமாக இருந்தால் இந்த வரியைப் போட்டிருக்க மாட்டேன்.

விண்டோஸ் இரண்டிலும் 'டபிள்யூ32டிஎம் /கான்ஃபிக்' வழியாக உபுண்டு சர்வரின் 192.168.1.10 முகவரியைக் கொடுத்தேன், பின்னால் ஒரு கமா போட்டு, நாம் சொல்லும் இடைவெளியில் கேட்கவைக்கும் 0எக்ஸ்9 என்ற குறியோடு. டொமைனில், அதாவது ஒரே சர்வர் நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் கூட்டத்தில், சேராத விண்டோஸில் நேரச் சேவை எப்போதும் ஓடாது, அவ்வப்போது எழுந்து தூங்கிவிடும். அதைத் தானியங்கித் தொடக்கத்துக்கு மாற்றி, 'ஸ்பெஷல் போல் இன்டர்வெல்' மதிப்பை 3600 ஆக்கினேன், மணிக்கு ஒரு முறை கேட்கும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: தனியாக நிற்கும் விண்டோஸில் 54,000 வினாடிக்கு, அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இந்தச் சேவை இயல்பாகத் திருத்த மறுத்துவிடும். பேட்டரி செத்து 2016க்குப் போன கம்ப்யூட்டரில் நல்ல சர்வரைக் கொடுத்தும் நேரம் மாறவில்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான். கையால் தேதியையும் மணியையும் சுமாராக வைத்துவிட்டு 'ரீசிங்க்' கொடுத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

ரிசப்ஷனில் 400 வினாடி பின்னால் இழுக்க வேண்டும். பில் போடும் நேரத்தில் இதைச் செய்தால் ஒரே நிமிடம் இரண்டு முறை வரும், வரிசை எண்ணும் நேரமும் முட்டிக்கொள்ளும். பில்லிங் மூடிய பிறகு மென்பொருளை நிறுத்திவிட்டு ஒரே தாவலில் திருத்தினேன். லினக்ஸ் சர்வரில் இப்படி நேர்ந்து, நிறுத்தவும் முடியாது என்றால் குரோனியைத் தாவ விடாமல் மெதுவாக நகர்த்தச் சொல்லலாம். இயல்பான வேகத்தில் ஒரு வினாடியை 12 வினாடியில் சரிசெய்யும், 400 வினாடிக்கு 80 நிமிடம். குரோனிக்கு முந்திய நேர மென்பொருளான என்டிபிடி அதே வேலைக்கு ஒன்பது நாளுக்கு மேல் எடுக்கும். அதுவும் 1000 வினாடிக்கு மேல் வித்தியாசம் என்றால் தனியாகச் சொல்லாதவரை வேலையை விட்டே வெளியேறிவிடும்.

என்விஆரைத் தொடுவதற்கு முன் அன்றைய பதிவைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். இரண்டரை மணி நேரம் பின்னால் வரும்போது அந்த இரண்டரை மணி நேரப் பதிவு ஒன்றின் மேல் ஒன்று விழும். சில பெட்டிகள் பழையதை அழித்துவிடும். பிறகு நேர மண்டலத்தை 5.30க்கு மாற்றி, உள்ளூர் சர்வர் முகவரியைக் கொடுத்தேன். இதுவரை இருந்த பதிவுகள் இரண்டரை மணி நேரம் முந்தியவை என்று போட்டோவோடு எழுதிக் கோப்பில் வைக்கச் சொன்னேன். போலீஸ் எப்போதாவது கேட்டால், சான்றிதழ் எழுதும்போது அந்த வித்தியாசத்தையும் சொல்ல வேண்டிவரும்.

ரத்த அணு மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு மட்டும் எந்த வழியும் இல்லை. அதை மாத முதல் தேதி கையால் வைக்க வேண்டும். பையன் தன் போனில் நினைவூட்டல் போட்டுக்கொண்டான்.

வேலை சரியாக நடக்கிறதா என்பதைச் சில நாள் கழித்துப் பார்ப்பதே நல்லது. 'குரோனிசி சோர்சஸ்' கொடுத்தால் ஒவ்வொரு சர்வருக்கும் 'ரீச்' என்று ஒரு எண் வரும். 377 என்று இருந்தால் கடைசி எட்டு முறை கேட்டதற்கும் பதில் வந்திருக்கிறது. எட்டு பிட்டும் ஒன்று என்பதை எட்டடிமான (ஆக்டல்) முறையில் எழுதினால் 377. 376 என்றால் கடைசியாகக் கேட்டது மட்டும் தவறியிருக்கிறது, கவலை இல்லை. 0 என்றால் அந்தச் சர்வர் எட்டவே இல்லை. பெயருக்கு முன்னால் நட்சத்திரம் இருப்பதைத்தான் இப்போது பின்பற்றுகிறது. எக்ஸ் இருந்தால் அது பொய் சொல்வதாக மற்றவை சேர்ந்து முடிவு கட்டியிருக்கின்றன.

வேறு இடங்களில் பார்த்தவை

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அத்தனை கம்ப்யூட்டர்களும் ஒற்றுமையாக நான்கு நிமிடம் பிந்தியிருந்தன. உள்ளுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை, கடவுச்சொல் எல்லாம் வேலை செய்கிறது, வெளியே மட்டும் ஓடிபி தொடர்பான செயலிகள் தகராறு செய்தன. டொமைனை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர், ஹைப்பர்-வி என்ற மென்பொருள் வழியாக வேறொரு சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர். அது தன்னைத் தாங்கும் சர்வரிடம் நேரம் கேட்கிறது. அந்தச் சர்வர் டொமைனில் சேர்ந்திருப்பதால் டொமைன் கன்ட்ரோலரிடமே நேரம் கேட்கிறது. இரண்டு பேர் ஒருவரையொருவர் மணி கேட்டு ஒருவரையொருவர் நம்பிக்கொண்டிருப்பது போல. சோர்ஸ் கேட்டபோது 'விஎம் ஐசி டைம்' என்று தொடங்கும் பதில் வந்ததிலேயே தெரிந்துவிட்டது. டொமைனுக்கே நேரம் கொடுக்கும் பிடிசி எமுலேட்டர் பொறுப்பில் இருக்கும் கன்ட்ரோலருக்கு வெளிச் சர்வரைக் கொடுத்து, ஹைப்பர்-வி அமைப்பில் அதற்கு மட்டும் நேர ஒத்திசைவை எடுத்துவிட்டால் தீர்ந்தது. டொமைனில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால், உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் உள்ளே விடாது. எல்லாம் சேர்ந்தே விலகினால் சத்தமே வராது, அதுதான் ஆபத்து.

கல்லூரிப் பிள்ளைகளின் லேப்டாப்பில் ஐந்தரை மணி வித்தியாசம் என்றால் விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாகப் போட்டிருப்பார்கள். மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' மதிப்பை 1 ஆக்குவது என் வழி.

குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்ட அலுவலகத்தில் எடை போடும் இடத்தில் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கம்ப்யூட்டர் இருக்கிறது. மழை வந்தால் இணையம் போய்விடும், கரண்டும் போய்விடும். பை 4இல் தனிக் கடிகாரம் கிடையாது, ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது. கரண்ட் வந்து எழுந்தால் கடைசியாக அணைந்த நேரத்தையே காட்டும். டிஎஸ்3231 சில்லு உள்ள சின்னப் பலகையைச் சேர்த்தேன். வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவில்தான் பிசகும். டிஎஸ்1307 விலை குறைவு என்று வாங்காதீர்கள், வெயிலுக்கும் குளிருக்கும் ஆடும். சந்தையில் கிடைக்கும் டிஎஸ்3231 பலகைகள் பலவற்றில் மறுமின்னேற்றப் பேட்டரிக்கான சார்ஜிங் சுற்று இருக்கிறது. அதில் சாதாரண சிஆர்2032 போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பும், வெடிக்கவும் கூடும். டையோடுக்குப் பக்கத்தில் இருக்கும் 200 ஓம் ரெசிஸ்டரைச் சூடேற்றி எடுத்துவிட்டுப் பொருத்துங்கள்.

அங்கேயே ஜிபிஎஸ் போடலாமே என்று கேட்டார்கள். நாகர்கோவிலில் என் வீட்டு மொட்டை மாடியில் நியோ-6எம் என்ற ஜிபிஎஸ் பலகை ஒன்று ஓடுகிறது, நொடித் துடிப்பைக் கொடுக்கும் பிபிஎஸ் பின்னை ராஸ்பெர்ரி பையோடு சேர்த்திருக்கிறேன், அருமையாக நிற்கிறது. ஆனால் ரப்பர் மரத்து அடியில் வானம் தெரியாது. கூரையில் ஆன்டெனா வைத்தால் மலையோர இடிக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும், ஆகவே வேண்டாம் என்றேன். போடுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: ஜிபிஎஸ்ஸின் சொந்த நேரம் 2017இலிருந்து பொது நேரத்தைவிட 18 வினாடி முந்தி நிற்கிறது. அந்த வித்தியாசத்தைச் சொல்லும் தகவல் செயற்கைக்கோளிலிருந்து 12.5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வரும். புதிதாக எழுந்த பலகை அதுவரை சில வினாடி தள்ளிக் காட்டினால் பயப்பட வேண்டாம், கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் 18 வினாடியிலேயே நின்றால் நேரத்தை வாங்கும் மென்பொருள் ஜிபிஎஸ் நேரத்தை மாற்றாமல் அப்படியே எடுக்கிறது. இருபது வருடம் பின்னால் போய் நின்றால் பலகை பழசு. வார எண் 1024இல் சுற்றி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதைச் சமாளிக்கத் தெரியாதது அது, கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படிச் சுற்றியது. அதற்கு வேறு பலகை வாங்குவதுதான் வழி.